மாமனாரின் கார், இருபத்துநாலில் ஒரு பங்கு

மறுபடியும் வெளுத்துப் போயிருந்தது. கூரையிலும் இஞ்சின் மூடியின் மேலும் பாலாடை படிந்த மாதிரி ஒரு வெண்மை. நேற்று சாயங்காலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்த கரும்பச்சை பெயின்ட் அத்தனையும் பாழ். தெட்சுரோ அந்தக் குட்டிக் காரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். எத்தனை தரம் திருப்பினால் என்ன, போன நிறம் வரவா போகிறது?

மழைக்காலத்து ஈரத்தில் பெயின்ட் அடித்தால் வெளுக்கும். ஷிசுவோகாவில் முதல் பிளாஸ்டிக் மாடல் கிட்டைப் பிரிக்கிற பொடிப்பயலுக்குக்கூட இது தெரியும். ஐம்பத்தாறு வயது ஆளுக்குத் தெரியாதா? எட்டு வயதிலிருந்து இதே வேலையாய் இருக்கிறவன். சிமிசு துறைமுகத்துப் பக்கம் சூரை மீன் டப்பா ஆலையில் நசுங்கின டப்பாவைக் கண்டுபிடித்து எடுத்துப் போடுவதுதான் உத்தியோகம் என்றாலும், அவன் உயிர் என்னவோ வீட்டின் பின்னறை மேஜைமேல்தான் இருந்தது. தெரியும், எல்லாம் தெரியும். ஆனால் மழை விடுகிற வரைக்கும் காத்திருக்க முடியாதே! அந்தக் கார் முடிந்தால்தான் மாமனார் சாவியைக் கொடுப்பார்.

"என்னாச்சு?" என்று வாசற்படியிலிருந்து கேட்டாள் ஃபுமியே, அவன் மனைவி.

"வெளுத்துடுச்சு."

"அப்ப?"

"சுரண்டி எடுத்துட்டு மறுபடி அடிக்கணும்."

அவள் கதவைச் சாத்திய சத்தத்தில் எல்லாம் இருந்தது.

விஷயம் இதுதான். ஃபுமியேயின் அப்பா யசுஜிக்கு எண்பத்துநாலு வயது. ஒகாபே மலைச்சரிவில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டின வீட்டில் தனியாக இருக்கிறார். முப்பது வருஷத்துக் கரும்பச்சைக் கார் ஒன்று வைத்துக்கொண்டு, வயதானவர் ஓட்டுகிறார் என்று காட்டும் நாலிதழ் ஸ்டிக்கரைக்கூட ஒட்டாமல், ஜம்பமாக ஓட்டிக்கொண்டு திரிந்தார். போன டிசம்பரில் பள்ளிக்கூட வாசலில் காரைப் பின்னால் எடுத்தபோது ஒரு சிறுமியின் முதுகுப்பையை உரசிவிட்டார். குழந்தை முட்டி தேய விழுந்தது. வேறொன்றும் ஆகவில்லை. "பைதானே கிழிஞ்சுது, புதுசா வாங்கிக் குடுத்துட்டேன்ல?" என்றார் கிழவர். அன்றைக்கு ஃபுமியேக்குப் போன நிம்மதிதான், திரும்பவில்லை. போன் மணி அடித்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள்.

புத்தாண்டுக்கு ஒகாபே போனபோது கெஞ்சிப் பார்த்தாள். லைசென்ஸைப் போலீஸில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பக்கத்து வீட்டு ஓய்வு வாத்தியார் கொடுக்கவில்லையா, பஸ் கட்டணத்தில் சலுகை கிடைக்குமே என்றாள்.

"பஸ்ஸு என் தோட்டத்துக்குள்ள வந்து நிக்குமா?" என்று அரிசிக் கொழுக்கட்டையை மென்றுகொண்டே கேட்டார் அவர். "உன் அம்மா செத்ததுக்கப்புறம் இந்த வீட்ல நான் சொன்னதைக் கேக்குறது அந்தக் கார் ஒண்ணுதான்."

அங்கேதான் தெட்சுரோ வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். சாகே ரெண்டு கோப்பை அதிகமாக உள்ளே போயிருந்தது.

"மாமா, அந்தக் காரை அப்படியே உங்க கையில வெச்சுக்கிற மாதிரி செஞ்சு தர்றேன். அச்சு அசல். சாவியைக் குடுத்துடுங்க."

"என் காரையா?"

"உங்க காரையேதான்."

"அது மாதிரி ஒரு காரை இல்ல. என் காரை."

"அட, உங்க கார்தான் மாமா!"

யசுஜி மருமகனை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. நீ கொண்டு வந்து குடுக்குற அன்னிக்கு சாவி உங்க கையில. பேச்சு மாற மாட்டேன்."

வீடு திரும்புகிற வழியெல்லாம் ஃபுமியேக்குத் தரையில் கால் பாவவில்லை. "இத்தனை வருஷமா பெயின்ட் நாத்தத்தைப் பொறுத்துக்கிட்டு இருந்ததுக்கு உங்க பொம்மையால ஒரு பிரயோஜனம் வந்துச்சே!" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் பொழுதுபோக்கைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. தெட்சுரோ உச்சி குளிர்ந்து போனான்.

ஏப்ரலில், செர்ரி பூத்து உதிர்கிற சமயத்தில், கார் தயாராகிவிட்டது. தயார் என்றால் எப்பேர்ப்பட்ட தயார்! முகம் பார்க்கலாம், அப்படி மெருகு. ரெண்டு பேரும் அதைப் பெட்டியில் வைத்து ஒகாபேக்குக் கொண்டுபோனார்கள். யசுஜி அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கண்கூடக் கலங்கின மாதிரி இருந்தது. ஃபுமியே மேஜை மேலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்டெனா இந்தப் பக்கம் இல்லையே," என்றார்.

தெட்சுரோ எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தான். இல்லைதான். கிட் முந்தின வருஷத்துக் காருடையது. அண்டெனா மட்டுமா? முன்பக்கக் கம்பிவலையும் வேறு. பின்விளக்கில் ஒரு கோடு கூடுதல். அட ராமா, பெட்டி மேல் படத்தைப் பார்த்துச் செய்தவன் வாசலில் நின்ற காரைப் பார்க்கவில்லை! அவமானத்தில் காது மடல் சூடாகிவிட்டது.

வேறு எவனாக இருந்தாலும் என்ன சொல்லியிருப்பான்? 'அண்டெனா கிடக்கட்டும், சாவியை எடுங்க' என்று சொல்லியிருப்பான். யசுஜியும் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்திருப்பார். ஆனால் மாடல் செய்கிறவனுக்கு ஒரு சனியன் உண்டு. குறை என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், அது அங்கே இருக்கிறவரை சோறு இறங்காது.

"குடுங்க மாமா. சரி பண்ணித் தர்றேன்," என்று அவனே அதை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டான்.

ஃபுமியே அவனைப் பார்த்த பார்வையில் அங்கேயே எரிந்து போயிருக்க வேண்டியவன்.

அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின. யசுஜி காரை எடுத்துக்கொண்டு, உட்சுனோயா சுரங்கப்பாதை வழியாக, லாரிகளுக்கு நடுவே, இவர்கள் வீட்டுக்கே வர ஆரம்பித்தார். வெள்ளைக் கையுறை, தொப்பி, பக்கத்து சீட்டில் புதுத் தேயிலைப் பொட்டலம். வருவார், நிஜக் காரையும் பொம்மைக் காரையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார், ஒரு குறை சொல்வார், மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்புவார். சக்கரத்து மூடி இப்படி இல்லை என்பார். சீட்டுத் துணியில் கோடு இருக்கும் என்பார். தெட்சுரோ ஒவ்வொன்றையும் பிரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி செய்வான். பிரிக்கும்போது வேறொன்று உடையும். அதைச் செய்ய உட்கார்ந்தால் பெயின்டில் விரல்ரேகை பதியும். சாமண இடுக்கியின் நுனியிலிருந்து பொட்டு அளவு பின்விளக்கு தெறித்துப் போய், அவன் தத்தாமிப் பாயில் மண்டி போட்டுக் கன்னத்தைத் தரையில் வைத்துத் தேடுவான். வீட்டில் தூசி உறிஞ்சும் மிஷினைத் தொடக்கூடாது என்று உத்தரவு வேறு. 'எதுக்குடா இந்தப் பொழைப்பு' என்று அவன் தன்னையே திட்டிக்கொள்ளாத நாள் கிடையாது. ஆனாலும் விட்டானா? விடவில்லையே!

ஃபுமியேதான் தவித்துப்போனாள். ஞாயிறு காலையில் அப்பா கிளம்பிவிட்டேன் என்று போன் செய்தால், வாசலில் வண்டிச் சத்தம் கேட்கிறவரை அவள் வீட்டுக்குள் உட்காரவே மாட்டாள். முன்பெல்லாம் தோட்டத்துக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தவர் இப்போது நெடுஞ்சாலையில் வருகிறார். சாவியை வாங்கப் போய்க் கதை இப்படித் திரும்பிவிட்டதே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெயின்ட் வெளுத்த அந்த வாரத்து ஞாயிறும் யசுஜி வந்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"நிறம் சரியில்ல," என்றார் மருமகன் கையிலிருந்ததைப் பார்த்து.

"அது வெளுத்துப் போச்சு மாமா. மறுபடி அடிக்கணும்."

"அடிக்கிறதுதான் அடிக்கிற, சரியா அடி. என் காரோட இடது பின்கதவு ஒருதரம் மாத்தினது. அது ஒரு சாயல் கருப்பா இருக்கும்."

தெட்சுரோ ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். மழையில் நனைந்து நின்ற காரில் எல்லாக் கதவும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. "ஈரத்துல தெரியல மாமா. அடுத்த வாரம் வெயில் அடிச்சா கொண்டு வாங்க, பாத்துக்கிறேன்."

சோற்றுக் கிண்ணத்தோடு உள்ளே வந்த ஃபுமியே நின்றுவிட்டாள். "என்ன சொன்னீங்க?"

"எது?"

"கொண்டு வாங்கன்னு சொன்னீங்களே."

யசுஜி மீன்வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சர்வ சாதாரணமாகச் சொன்னார். "அவன்தானேம்மா வரச் சொல்றான், ஒவ்வொரு வாரமும். அடிப்பக்கம் பாக்கணும், போட்டோ எடுக்கணும்னு. நான் என்ன, வேலையத்தா வர்றேன்?"

ஃபுமியே கிண்ணத்தை மேஜையில் வைத்தாள். அப்பா சாப்பிட்டு முடித்து, காரை எடுத்துத் தெருமுனை திரும்புகிறவரைக்கும் குடையோடு வாசலில் நின்றிருந்துவிட்டு உள்ளே வந்தாள். அப்புறம்தான் வெடித்தாள்.

"நான் அவராத்தான் வர்றாருன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்! நீங்க கூப்பிடுறீங்களா? ஏங்க, உங்களுக்கு புத்தி கித்தி இருக்கா?"

"போட்டோல நிறம் சரியாத் தெரியாது ஃபுமி..."

"நிறமாம் நிறம்! அந்த மனுஷன் கண்ணுக்கு இத்தனை பெரிய சிவப்புப் பையோட ஒரு பொண்ணு நின்னது தெரியல. இத்தனூண்டு அண்டெனா கம்பி தெரியுதாக்கும்? அவரு உங்களைச் சுத்துல விடுறாரு. குறை சொன்னா நீங்க வரச் சொல்லுவீங்க, வரச் சொன்னா ஓட்டலாம். இதுகூடப் புரியலையா?"

"அவரு சொன்ன குறை எல்லாம் நிஜமாவே குறைதான்," என்றான் தெட்சுரோ.

சொல்லியிருக்கக் கூடாது. ஃபுமியே தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு குரல் இறங்கிவிட்டது, அதுதான் இன்னும் மோசம். "அவரு யாரையாவது ஏத்திக் கொன்னுட்டா என்னங்க பண்ணுவீங்க? அதையும் செஞ்சு மேஜை மேல வைப்பீங்களா? அடுத்த ஞாயித்துக்கிழமை அவரு இங்க வரக்கூடாது. நாம பஸ்ல போறோம். அது எந்த லட்சணத்துல இருந்தாலும் சரி, அவரு கையில குடுத்துட்டு சாவியை வாங்குறோம். சரின்னு சொல்லுங்க."

"சரி."

"சத்தியமா?"

"சத்தியமா."

மனப்பூர்வமாகத்தான் சொன்னான். அந்த வாரம் ஆலையில் விடுப்புப் போட்டான். பின்னறையை அடைத்து, ஈரம் உறிஞ்சும் மிஷினை ஓடவிட்டு, வெளுத்ததை எல்லாம் சுரண்டி எடுத்து, பெயின்டை மறுபடி அடித்தான். இந்தத் தடவை வெளுக்கவில்லை. இடது பின்கதவை ஒரு சாயல் கருப்பாகவும் அடித்தாகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் கார் மேஜை மேல் நின்றபோது அவன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். ஃபுமியே வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தாங்க இருக்கு," என்று தோளில் கை வைத்தாள். பின்னால் வருகிற வண்டியைப் பார்க்கிற பக்கக் கண்ணாடிகள் ரெண்டும் மட்டும் பாக்கி, காலையில் ஒட்டிக்கொள்ளலாம்.

ஞாயிறு பளிச்சென்று விடிந்தது. மழை விட்ட முதல் வெயில், தெரு முழுக்கப் படுக்கைகளும் துணிகளும் வெளியே வந்துவிட்டன. ஃபுமியேயும் வாசல் பக்கத்துக் கொடியில் ஒரு வாரத்துத் துணியை உலர்த்த ஆரம்பித்தாள். பத்தரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பலாம் என்று பேச்சு.

தெட்சுரோ பக்கக் கண்ணாடியைச் சாமணத்தில் எடுத்தான். கண்ணாடிக் கூட்டின் மேல்பக்கம் பச்சை. அடிப்பக்கம்? கைவசம் இருந்த போட்டோ அத்தனையையும் தேடினான். சக்கரம் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, வண்டியின் வயிறுகூட இருக்கிறது. கண்ணாடியின் அடிப்பக்கம் ஒன்றில்கூட இல்லை. சில வருஷத்து வண்டிகளில் அது கருப்பு, சிலதில் வண்டி நிறம். யார் அதைக் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? ஒருத்தரும் பார்க்கமாட்டார்கள். அவனுக்கு அது தெரியாமலா? இருந்தாலும் போனை எடுத்தான்.

"மாமா, பக்கக் கண்ணாடிக்கு அடியில கருப்பா பச்சையா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

"குனிஞ்சா எனக்கு இடுப்பு புடிச்சுக்கும்," என்றார் யசுஜி. "வெயிலா இருக்கே. வந்து காட்டிடுறேன்."

வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. தெட்சுரோ சாமணத்து நுனியிலிருந்த அரிசி அளவுக் கண்ணாடியைப் பார்த்தான். எப்படியும் இன்றோடு தீர்ந்தது, அவர் இங்கே வந்தால் இங்கேயே சாவியை வாங்கிக்கொள்ளலாம், வண்டி திரும்பிப் போகாது, ஃபுமியேக்கு அதுவும் நல்லதுதானே என்று ஒரு நியாயம் தானாக வந்து முன்னால் நின்றது.

"சரி மாமா," என்றான்.

வாசலுக்குப் போய் அவளிடம் சொல்லவும் இல்லை. வண்டி வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தான்.

ஃபுமியே வண்டிச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பியபோது கையில் ஈரப் போர்வை இருந்தது. அப்பாவின் காரா? அவளுக்கு நம்ப முடியவில்லை. யசுஜி வழக்கம்போலத் தெருவிலிருந்து வாசல் சிமெண்டுத் தரையில் ஏறினார். நிற்க வேண்டிய இடத்தில் பிரேக்கை அழுத்தினார். அழுத்தியது பிரேக் இல்லை.

பின்னறையில் தெட்சுரோவுக்குக் கேட்டதெல்லாம் இஞ்சின் அலறின அலறலும், மண்தொட்டிகள் நொறுங்குகிற சத்தமும், அப்புறம் ஒரு பெரிய மோதலும்தான். கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினான். கார் அஜிசாய் பூச்செடி வரிசையை ஏறி மிதித்து, துணிக் கம்பத்தைச் சாய்த்து, சுற்றுச்சுவரில் முட்டி நின்றிருந்தது. இஞ்சின் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. ஃபுமியே காருக்கும் சுவருக்கும் நடுவே இல்லை. கடைசி நொடியில் பக்கவாட்டில் விழுந்திருந்தாள். மண்ணும் பூவும் ஈரப் போர்வையுமாய்த் தரையில் உட்கார்ந்து, முழங்கையில் ரத்தம் ஒழுக, நேராக அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. காரின் பக்கக் கண்ணாடி ஒன்று சுவரில் இடித்துப் பிய்ந்து, ஒயரில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அடிப்பக்கம் வெயிலில் நன்றாகத் தெரிந்தது.

"கருப்பு," என்றான் தெட்சுரோ.

உடனே ஓடிப்போய் அவளைத் தூக்கினான், அதையும் சொல்ல வேண்டும். இஞ்சினை அணைத்தான். கிழவரைக் கைத்தாங்கலாக இறக்கினான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள், போலீஸ் வந்தது, இழுவை வண்டி வந்தது. யசுஜி வெள்ளைக் கையுறையைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். மகள் முகத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. சாவியை அவள் மடியில் வைத்தார், மருமகனிடம் கொடுக்கவில்லை. லைசென்ஸையும் பையிலிருந்து எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"அண்டெனா எங்க இருந்தா எனக்கென்ன, சக்கர மூடி எப்படி இருந்தா எனக்கென்ன," என்றார். "ஏதாவது ஒண்ணு சொன்னா இவன் அடுத்த வாரமும் வாங்கன்னு சொல்லுவான். இங்க வந்தா மத்தியானம் உன்கூட உக்காந்து சாப்பிடலாம். அதான்ம்மா."

ஃபுமியே அப்பாவின் கையுறையைக் கழற்றி அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அவரைப் படுக்க வைத்துவிட்டு, முழங்கையில் கட்டோடு கூடத்துக்கு வந்தபோது, தெட்சுரோ மேஜை முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவள் எதிரே உட்கார்ந்தாள். தேநீர் ஊற்றினாள். சண்டை பிடிப்பாள் என்று காத்திருந்தான், பிடிக்கவில்லை.

"நீங்க வெளியில ஓடி வந்தப்ப என்னமோ சொன்னீங்க," என்றாள். "இஞ்சின் சத்தத்துல கேக்கல. என் பேரையா கூப்பிட்டீங்க?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அவளும் நம்பிவிடுவாள். அவள் முகத்தைப் பார்த்தால் நம்பத்தான் ஆசைப்படுகிறாள் என்று தெரிந்தது. தன் மேலேயே அப்படி ஓர் அருவருப்பு அவனுக்கு அதுவரை வந்ததில்லை.

"இல்ல," என்றான். "கண்ணாடிக்கு அடியில கருப்பான்னு... நான்தான் அவரை வரச் சொன்னேன். அதைப் பாத்துட்டேன். கருப்புன்னு சொன்னேன்."

ஃபுமியே கோப்பையைக் கீழே வைத்தாள். கோபம் இல்லை, அழுகை இல்லை, யாரோ தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி அவனைப் பார்த்தாள்.

"அதான் தெரிஞ்சிடுச்சுல்ல," என்றாள். "போய்ப் பூசுங்க."

எழுந்து அப்பா படுத்திருந்த அறைக்குள் போய்க் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டாள். தெட்சுரோ அங்கேயே உட்கார்ந்திருந்தான். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, அவன் அதைத் தொடவில்லை.